கௌடர் வெள்ளையடிக்காத சுவர்

சிக்கதாயி வென்றெடுத்தவை பல. பெங்களூரில் நடந்த மாநிலப் புகைப்படக் கண்காட்சியில் முதல் பரிசு. அதற்கு முன்பே, பாஸ்போர்ட் படங்களை வெட்டித் தர மட்டும் அவளை உட்காரவைத்திருந்த ஸ்டுடியோ முதலாளியிடமிருந்து கேமராவைக் கைக்கு வாங்கியது. "பொம்பள படம் எடுத்தா கல்யாணம் விளங்குமா?" என்று கேட்ட ஊரிலேயே கல்யாணங்களை எடுத்தது. கணவனின் மொபெட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் தனதாக்கிக்கொண்டது. பிறவியிலிருந்தே அவளுக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. கேலி செய்தவர்களிடம், "கேமராவுக்கு ஒரு கண்ணு போதும். இன்னொண்ணை மூடுற வேலை எனக்கு மிச்சம்" என்பாள்.

இத்தனையிலும் கடினமானது ஜவரேகௌடரின் சம்மதத்தை வென்றதுதான் என்பது அக்கா தேவீரம்மாவின் கருத்து. கூடவே நின்று பார்த்தவள் அவள்.

பிரியாபட்டணத்தைச் சுற்றியிருந்த பழைய கட்டடங்கள் மேல் சிக்கதாயிக்கு அப்படியொரு பிரியம். அதிலும் புகையிலை வாட்டும் சூளைவீடுகள் என்றால் சாப்பாடு மறந்துவிடும். "இடிஞ்சு நிக்கிறதைப் போய் எடுக்கிறியே சிக்கி, நல்ல வீடு ஒண்ணும் கண்ணுல படலையா?" என்று தேவீரம்மாவே கேட்டிருக்கிறாள். படங்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கும் கண் பழகிவிட்டது. மண்சுவரில் மழை இறங்கிய கோடுகள், ஓட்டின் மேல் காய்ந்த பாசி, புகை கசிந்த இடத்தில் நாக்கு நீட்டியதுபோல் கரி. ஆனால் எந்தப் படத்தின் பின்னாலும் ஸ்டுடியோவின் முத்திரைதான் இருக்கும். தன் பெயரை எழுத சிக்கதாயிக்குக் கூச்சம்.

அந்த வட்டாரத்திலேயே உயரமான சூளைவீடு கௌடருடையது. மாசக் கடைசியில் அதை இடிக்கப்போகிறார்கள். பெங்களூர்க் கண்காட்சிக்குப் படம் அனுப்பும் கெடுவும் அந்த மாசத்தோடு முடிகிறது. சிக்கதாயி போய்க் கேட்டபோது கௌடர் வாய் நிறைய, "ஞாயித்துக்கிழமை வா தாயி" என்றார்.

ஞாயிறன்று அக்காவும் தங்கையும் மொபெட்டில் போய் இறங்கினார்கள். சூளைவீடு புதுச் சுண்ணாம்பில் பளீரென்று நின்றது. அடியில் காவிப் பட்டை, வாசலில் மாவிலைத் தோரணம், முன்னால் பட்டு வேட்டியில் கௌடர், பட்டுச் சேலையில் அவர் மனைவி சண்ணம்மா.

"போட்டோன்னு சொன்னியே, சும்மா விடுவோமா? எப்படி நம்ம ஏற்பாடு?" என்றார் கௌடர்.

சிக்கதாயியின் முகம் வாடியதை தேவீரம்மா ஒருத்திதான் கவனித்தாள். மறுநொடியே தங்கை சிரித்துவிட்டு, "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க கௌடரே, நிமிந்து நில்லுங்க" என்று அவர்கள் ஆசைப்பட்டபடியே எடுத்தாள். அரிசி ரொட்டியும் உச்செள்ளுச் சட்னியும் சாப்பிட்டாள். கைகழுவப் போனவள் அப்படியே கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டாள்.

"அங்க எதுக்கும்மா? அது அசிங்கம்!" என்று கௌடர் பின்னாலேயே ஓடினார்.

"பின்பக்கத்துக்கும் சுண்ணாம்பு வாங்கக் கை வரலைன்னு சொல்லுங்க" என்றாள் சண்ணம்மா.

பின்சுவர் முழுக்கக் கைகள். பச்சைப் புகையிலையைக் குச்சியில் கட்டும் பெண்களுக்கு அதன் பிசின் ஒட்டிக் கை கறுத்துப்போகும். வருஷக்கணக்காக அவர்கள் அந்தச் சுவரில்தான் கையைத் தேய்த்திருந்தார்கள். தடத்தின் மேல் தடமாக, ஆள் எட்டும் உயரம் வரை.

"இதை எடுத்தா ஊரே சிரிக்கும். கௌடன் வீட்டுச் சுவத்தைப் பாருன்னு சொல்வாங்க."

"படத்தைக் கழுவி, அனுப்புறதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டுறேன் கௌடரே. பிடிக்கலைன்னா உங்க கையாலயே கிழிச்சுப் போடுங்க" என்றாள் சிக்கதாயி.

"கிழிப்பேன்" என்றார் அவர். அதன் பிறகே கேமராவுக்கு வழிவிட்டார்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. தேவீரம்மா அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தாள். கௌடர் படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, "அழுக்கு. நான் சொன்னது சரிதான்" என்றார். இரண்டு கையும் படத்தின் ஓரத்தை இறுகப் பிடித்தன.

சண்ணம்மா எட்டிப் பார்த்தாள். "இருங்க, இருங்க. இந்தச் சுண்டுவிரலைப் பாருங்க, வளைஞ்சிருக்கு. கிணத்து உருளையில மாட்டினதே, அந்த விரல்." தன் கையைப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். அதே வளைவு. "வாழ வந்த வருஷத்துலேருந்து அந்தச் சுவத்துலதான் தேச்சேன். இது நான்."

கௌடர் கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நான் எங்கடி இருக்கேன்?"

"நீங்கதான் முன்பக்கம் பட்டு வேட்டியில நிக்கிறீங்களே, போதாதா?"

கௌடர் சிரித்துவிட்டார். "அனுப்பு தாயி" என்று படத்தை நீட்டினார். சண்ணம்மா இடையில் புகுந்து வாங்கித் திருப்பினாள். ஸ்டுடியோ முத்திரை.

"இது யாரு? இவனா வெயில்ல நின்னான்? நான் என் கையை வெச்சிருக்கேன். நீ உன் பேரை வை."

சிக்கதாயி அக்காவைப் பார்த்தாள். தேவீரம்மா ஜாக்கெட்டில் செருகியிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தாள். படத்தை முன்பக்கம் திருப்பி, கைத்தடங்கள் முடியும் இடத்துக்குக் கீழே, வெள்ளை ஓரத்தில், தங்கை நிதானமாகத் தன் பெயரை எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டாள்: 21 பிப்ரவரி 2014.