டிரைவரின் கழுத்தைத் திருகும் வேலை

கோல்ஃப் மட்டையைத் திருத்தித் தருவது, மனிதரிடம் இருக்கும் கோளாறை மட்டையில் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கும் தொழில். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவர்கள், ரவிக்கைக்கு அளவெடுப்பவர்கள், செருப்புக்கடையில் குனிந்து கால் அளப்பவர்கள் எல்லோரும் துன்பத்தில் என் கூட்டாளிகள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

படித்ததும் கிடைத்ததும்

எனக்கு ஊர் எலப்புள்ளி. மெக்கானிக்கல் படித்துவிட்டு, கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளின் வாசலில் எல்லாம் சர்ட்டிபிகேட்டைக் காட்டினேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். ஒவ்வொரு நேர்முகத்திலும் அதுதான் நடந்தது. கடைசியில் இடுக்கி மலைமேல், சின்னக்கானலுக்குப் பக்கத்தில், தேயிலைக்கு நடுவே இருக்கும் ஒரு பழைய கிளப்பில் வேலை கிடைத்தது. அங்கே நேர்முகமே இல்லை. ரெஞ்சைக் கொடுத்துத் திருகச் சொன்னார்கள், திருகினேன்.

டிரைவர் என்பது பந்தை முதல் அடியில் வெகுதூரம் அனுப்பும், பெரிய தலை வைத்த மட்டை. இப்போது வரும் டிரைவர்களில் தலையும் தண்டும் சேரும் கழுத்தில் ஒரு சின்ன உறை இருக்கிறது. அதன் துளை நேராக இராது, இம்மியளவு சாய்ந்திருக்கும். திருகாணியைத் தளர்த்தி, உறையை அதில் பொறித்திருக்கும் வேறு எண்ணுக்குத் திருப்பி மாட்டினால் தண்டு வேறு பக்கம் சாயும். பந்தைத் தொடும் பக்கத்துக்கு முகம் என்று பெயர்; அதன் சாய்வைக் கூட்டினால் பந்து உயரமாகப் போகும். ஆனால் மட்டையைத் தரையில் வைக்கும்போது முகம் அடிப்பவர் பக்கமாக மூடிக்கொள்ளும். சாய்வைக் குறைத்தால் பந்து தாழப் போகும். முகம் வெளிப்பக்கமாகத் திறந்துகொள்ளும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் கூடவே வரும். இவ்வளவையும் போனில் அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னது:

"அத்தன படிப்புப் படிச்சுப்போட்டு, கடைசீல கட்டைக்குக் கழுத்துத் திருகறதுக்கா கண்ணு மலையேறிப் போன?"

பத்து கஜம்

கிளப் உறுப்பினர்களில் எனக்கு அதிகம் வேலை கொடுத்தவர் வெங்கிட்டராமன் சார். கல்பாத்திக்காரர், பாங்கில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், கிளப்பின் போட்டிகளுக்கு அவர்தான் நடுவர். பந்து இன்னும் பத்து கஜம் போகவேண்டும் என்பது அவர் ஆசை. சாய்வைக் குறைக்கச் சொன்னார். "சார், குறைச்சா முகம் திறந்துக்கும். உங்க பந்து ஏற்கெனவே வலது பக்கம் போகுது" என்று சொல்ல நினைத்தேன். நினைத்ததில் "சார்" மட்டும்தான் வெளியே வந்தது. குறைத்துக் கொடுத்தேன்.

பந்து பத்து கஜம் அதிகமாகத்தான் போனது, ஆனால் வலது பக்கமாக. மறுநாள் வந்து இன்னும் குறைக்கச் சொன்னார். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். பந்து பக்கத்து எஸ்டேட்டின் மருந்துக்கிடங்குக் கூரையில் விழுந்த அன்று, ஒரு தாளில் படம் வரைந்து அவர் முன் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை முழுசாகப் பார்த்தார்.

"மட்டையும் சரி, நானும் சரி. உங்க மைதானந்தான் எடது பக்கமாச் சாஞ்சுண்டிருக்கு, கேட்டயோ?"

யார் தலை

திருகும் ரெஞ்ச், போதுமான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதுவரை திருகவேண்டும். பக்கத்து ரிசார்ட்டில் தங்கி விளையாட வந்திருந்த விருந்தாளி ஒருவர் ரெஞ்சைக் கேட்டார்; வீடியோவில் எல்லாம் பார்த்துவிட்டாராம். நான் வாயைத் திறப்பதற்குள் திருகி முடித்து வெளியே போய்விட்டார். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். சொல்வதா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் அடித்துவிட்டார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டையின் தலை மட்டும் பறந்து தேயிலைக்காட்டுக்குள் போய்விட்டது.

கால் மணி நேரம் கழித்துக் கொழுந்துக்கூடையோடு ஓர் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். பெயர் மரியபுஷ்பம். எங்கள் கிளப்பில் பை தூக்கும் சேவியர் அண்ணனின் மனைவி என்று அப்போதுதான் தெரிந்தது. கறுப்பாகப் பளபளக்கும் அந்தத் தலையைக் கூடையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"யாரோட தலைம்மா இது? எங்க நிரையில வந்து கெடக்கு. ஒடம்பு எங்க இருக்கு?"

ஒரு வீடு

சேவியர் அண்ணன் இருபது வருஷமாக மற்றவர்களின் மட்டைப்பையைத் தூக்குகிறவர். கிளப்பிலேயே நன்றாக விளையாடத் தெரிந்தவர் அவர்தான் என்பது உறுப்பினர்களுக்கும் தெரியும், சொல்லமாட்டார்கள். அவர் இடதுகைக்காரர். வெளிநாடு போன ஓர் இடதுகை உறுப்பினர் விட்டுச் சென்ற மட்டைகள்தான் அவருடையவை.

பை தூக்குபவர்களுக்கு வருஷத்துக்கு ஒருநாள் போட்டி உண்டு. இந்த வருஷம் உதவிப் பயிற்சியாளர் இடம் காலியாக இருந்ததால், ஜெயிப்பவருக்கு அந்த வேலை என்று கமிட்டி அறிவித்தது. நிரந்தர வேலை, கிளப் குவார்ட்டர்ஸும் சேர்த்து. மரியபுஷ்பம் அக்காவுக்கு மார்ச்சோடு எஸ்டேட்டில் ரிட்டையர்மெண்ட். தொழிலாளிகளுக்கு எஸ்டேட் கொடுக்கும் லயத்து வீடு அக்காவின் பேரில் இருந்தது. கொழுந்து பறிக்கும்வரைதான் லயம்; பறிப்பது நின்றால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போடிக்கு இறங்கவேண்டியதுதான். அங்கே அக்காவின் தம்பி வீட்டில் ஓர் அறை. அண்ணன் இதையெல்லாம் ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல என்னிடம் சொல்லிவிட்டு, டிரைவரை மேசைமேல் வைத்தார்.

"பந்து கடைசீல இடது பக்கமா இழுத்துட்டுப் போயிருது பாப்பா. இத மட்டும் சரி பண்ணிக் குடுங்க, வீட்ட நான் பாத்துக்கிறேன்."

மூடுபனி

செய்யவேண்டியது எளிது. இடதுகைக்காரருக்கு முகம் திறந்திருந்தால்தான் பந்து இடது பக்கம் இழுக்கும். சாய்வைக் கூட்டினால் முகம் மூடிக்கொள்ளும். பந்து இழுத்துக்கொண்டு போவது குறையும். எந்த எண்ணில் எவ்வளவு சாய்வு என்று கம்பெனி கொடுத்த அட்டை ஒன்று என் அறையில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதை லேமினேட் செய்து, நாலு மூலையிலும் பசை தடவிச் சுவரில் ஒட்டியிருந்தேன். அறையைப் பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டிய ஒரே காரியம் அது. அட்டையைப் பார்த்து ஒன்றரை டிகிரி கூட்டி மாட்டினேன். டக் சத்தம் கேட்டது.

அண்ணன் மட்டையைத் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தார். "பாப்பா, முகம் வெளிய பாக்குற மாதிரி இருக்கே?" என்றார். நான் குனிந்து பார்க்கவில்லை. அட்டையைக் காட்டி, "இல்லீங்கண்ணா, இந்த எண்ணுக்கு மூடித்தான் இருக்கணுங்க" என்றேன். என் வாழ்க்கையில் தயங்காமல், தொண்டை வறளாமல் நான் ஒருவரிடம் பேசியது அந்த ஒருமுறைதான். வெளியே போய்ப் பத்துப் பந்து அடித்துப் பார்த்தார். மதியத்திலிருந்தே மூடுபனி இறங்கியிருந்தது. ஒவ்வொரு பந்தும் ஐம்பது கஜம் நேராகப் போய் வெள்ளைக்குள் மறைந்தது. அதற்குப்பின் எங்கே திரும்பியது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. மட்டையைத் துணியால் துடைத்து, தலைக்குத் துணியுறை போட்டார்.

"எங் கண்ணு என்னத்தக் கண்டுச்சு, படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மூன்றாவது குழி

காலையில் பனி விலகி வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. முதல் குழியில் அண்ணன் அடித்த பந்து நேராகக் கிளம்பி, நடுவழியில் மனசு மாறியதுபோல இடது பக்கம் வளைந்து, எல்லைக்கு வெளியே தேயிலைக்குள் விழுந்தது. அப்படிப் போனால் தண்டனை அடியோடு மறுபடி முதலிலிருந்து அடிக்கவேண்டும். பதற்றம் என்று நினைத்தேன். இரண்டாவது குழியிலும் அதே வளைவு, அதே தேயிலை. நான் அறைக்கு ஓடினேன். அட்டையைச் சுவரிலிருந்து பிய்த்தேன். சுண்ணாம்போடு சேர்ந்து வந்தது. பின்பக்கம் இன்னொரு அட்டவணை, 'இடதுகைக்கு' என்ற தலைப்போடு. முன்பக்கத்தில் எந்த எண்ணில் சாய்வு கூடுகிறதோ, பின்பக்கத்தில் அந்த எண்ணில் குறைகிறது. எட்டு மாதமாக அதைச் சுவருக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறேன்.

ரெஞ்சை எடுத்துக்கொண்டு மூன்றாவது குழிக்கு ஓடினேன். வெங்கிட்டராமன் சார் குறுக்கே வந்தார். "ஆட்டம் முடியற வரைக்கும் மட்டையத் திருகப்படாது. திருகி ஒரு அடி அடிச்சாலும் அவன் போட்டியிலேயே கெடையாது" என்றார். விதி அதுதான், எனக்கும் தெரியும். ரெஞ்சைக் கோட்டுப் பைக்குள் போட்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், டிரைவரைத் தரையில் வைத்து அதன் முகத்தைப் பார்த்தார். பிறகு அதற்கு உறையைப் போட்டுவிட்டு ஓர் இரும்பு மட்டையை உருவினார்.

"விடுங்க பாப்பா. இதுல திருக ஒண்ணுமில்ல."

கடிதம்

ஒன்பது குழி ஆட்டத்தில் மிச்சம் இருந்த ஏழையும் இரும்பு மட்டையை வைத்தே ஆடினார். அப்படி ஒரு ஆட்டத்தை அந்தக் கிளப் பார்த்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஓர் அடியில் தோற்றார். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் எல்லாம் "கை நடுங்கிருச்சு" என்றார். என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நேரில் பேச வராது என்பதால் கமிட்டிக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினேன். தவறு முழுக்க என்னுடையது, அட்டையின் இரண்டு பக்கங்களையும் இணைத்திருக்கிறேன், போட்டியை மறுபடி நடத்துங்கள், வேண்டுமானால் என்னை வேலையை விட்டு நீக்குங்கள் என்று எழுதினேன். செக்ரட்டரி மலையாளி, நல்ல மனிதர். கூப்பிட்டு உட்காரவைத்துக் கட்டன்சாயா கொடுத்தார். என் இங்கிலீஷ் நன்றாக இருப்பதாகச் சொன்னார். கடிதத்தை ஃபைலில் வைத்து மூடினார்.

"மட்டை யாரு கையில உண்டோ, அவங்களுக்குத்தான் மோளே உத்தரவாதம். நீ இங்கயே வேலையில நிக்கணும். வேற யாருக்கு இந்தத் திருகல் அறியும்?"

மார்ச்

வீட்டைக் காலி செய்வதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் என் அறைக்கு வந்தார்கள். நான் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அண்ணன் கையமர்த்திவிட்டு டிரைவரை மேசைமேல் வைத்தார். சரியான எண்ணுக்குத் திருப்பித் தரச் சொன்னார். அட்டையின் பின்பக்கம் பார்த்துத் திருப்பி மாட்டினேன். தரையில் வைத்தோம். இந்தமுறை நானும் முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தேன். முகம் எப்படி மூடியிருக்கவேண்டுமோ அப்படி மூடியிருந்தது.

அண்ணனுக்குச் சந்தோஷம். அறைக்குள்ளேயே வெறுங்காற்றில் இரண்டு வீச்சு வீசினார். மரியபுஷ்பம் அக்கா வாசலில் நின்று மட்டையின் நீளத்தை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு என்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"தம்பி ஊட்டுல கட்டில் போட்டா கதவு தெறக்காது. இத எங்கங்க சாத்தி வைப்பீங்க?"

அட்டையை இப்போது ஒட்டாமல், இரண்டு பக்கமும் தெரியும்படி நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதற்குப்பின் இந்த அறைக்கு இடதுகைக்காரர் ஒருவர்கூட வரவில்லை.