ஆறினால் வரும், சூடானால் போகும்

வில்லியனூரில் ஷெட் போட்டு முப்பது வருடம் ஆகிறது. முதுகு போய்விட்டது. வண்டிக்கு அடியில் படுத்தால் எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டும். "அண்ணே, திடீர்னு கம்ப்ரஷன் வுட்டுடுச்சு, ஹெட்டை இறக்கட்டுமா?" என்று புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் போன் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் கபூர் பாய் வேன் விஷயத்தை ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

பாய்க்கு மதகடிப்பட்டில் பாத்திரக்கடை. பதினெட்டு வருடம் ஓடிய பெட்ரோல் வேன், மூன்று சிலிண்டர். அவர் மனைவி ஷம்ஷாத் அக்காவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஆட்டோவில் உட்கார முடியாது. பின் சீட்டில் படுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்.

ஒரு செவ்வாய் காலை பாய் கூப்பிட்டார்.

"சேகரு, அரும்பார்த்தபுரத்தாண்ட வண்டி நின்னுபோச்சுபா. செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆவல. இவ உள்ள படுத்துனு இருக்கா."

பைக்கில் போனேன். செல்ஃப் அடித்தால் எஞ்சின் விர்ரென்று லேசாகச் சுற்றியது. சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், இருந்தால் திணறித் திணறிச் சுற்ற வேண்டும். பாய் தெரிந்தவர் ஒருவரின் காரை வரவழைத்து அக்காவை ஏற்றிப் போனார். நான் வேனைக் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்துவந்து, அவருக்குப் போன் செய்தேன்.

"கேஸ்கெட்டோ வால்வோ போயிருக்கும் பாய். ஹெட்டை இறக்கணும், எஞ்சின் மேல்பாகத்தையே கழட்டணும். நாலஞ்சு நாள் ஆவும்."

"நாலஞ்சு நாளா? இன்னிக்கு அவரு கார் கெடைச்சுது. வெள்ளிக்கெழமைக்கு யாராண்ட போய் நிப்பேன்? ஒரு தடவ தவறுனா அவளுக்கு மூச்சு வாங்குதுபா."

சாப்பிட்டு வந்து கம்ப்ரஷன் கேஜ் போட்டேன். மூன்று சிலிண்டரும் நன்றாக இருந்தன. சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆனது. எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த இடத்தில் பிளக்கை மாற்றி வண்டியைக் கொடுத்துவிடுகிறவர்கள் நம் தொழிலில் நிறையப் பேர். நானும் கொடுத்திருப்பேன். அக்கா மறுபடி நடுரோட்டில் கிடப்பாரே என்றுதான் கொடுக்கவில்லை.

மதகடிப்பட்டு வரை ஓட்டித் திரும்பினேன். ஷெட் வாசலில் உதறிக்கொண்டு நின்றது. ஆறவிடாமல், விரல் சுடச் சுடப் பிளக்கைக் கழற்றிக் கேஜ் போட்டேன். இரண்டு சிலிண்டரில் முள் எழும்பவே இல்லை.

ஆறினால் இருக்கிறது, சூடானால் இல்லை. அப்படியானால் வால்வு முழுதாக மூடவில்லை. மறுநாள் காலை டேப்பட் கவரைத் திறந்து, வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் டேப்பட்டுக்கும் நடுவில் உள்ள கேப்பில் ஃபீலர் கேஜ் பிளேடுகளை விட்டேன். அந்த இரண்டு சிலிண்டரின், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்விலும் மிக மெல்லிய பிளேடே முக்கித்தான் நுழைந்தது. சூட்டில் இரும்பு நீண்டால் அந்தக் கேப்பும் இருக்காது, வால்வு மூடாது.

கேப்பைக் குறைத்தது வேறு யாருமில்லை, நான்தான். பத்து நாளைக்கு முன்னால், ஷெட்டில் நின்ற வேனுக்குள் படுத்தபடி அக்கா சொன்னார்: "சேகரு, கோச்சிக்காத. படுத்துனு வரும்போது அந்த டக்டக் சத்தம் மண்டைக்குள்ளயே அடிக்குதுபா." பாவமாக இருந்தது. கேஜ் எடுக்காமல், காதை வைத்துக் கேட்டபடி சத்தம் அடங்கும்வரை டேப்பட்டை இறுக்கினேன். கஸ்டமர் பக்கத்தில் நின்றால் நாம் எல்லோரும் செய்வதுதான். நல்ல பெயர் வாங்கிவிடலாம். மிச்சமிருந்த கேப்பும் பத்து நாள் ஓட்டத்தில் குறைந்துபோயிற்று.

கேஜ் வைத்துச் சரிசெய்து, இரண்டு தடவை சூடேற்றிப் பார்த்தேன். கம்ப்ரஷன் குறையவில்லை. வால்வு கருகாமல் தப்பியது அதிர்ஷ்டம். ஹெட்டை இறக்க வேண்டி வரவில்லை. உங்களுக்கும் நான் சொல்வது இதுதான்: சூட்டில் ஒரு தடவை அளந்து பாருங்கள். ஹெட்டில் கை வைக்கும் முன், அந்த எஞ்சினைக் கடைசியாகத் தொட்டது யார் என்று கேளுங்கள். நீங்களாகவே இருந்தாலும் கேளுங்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேனை அவர்கள் வீட்டில் விட்டேன்.

"தப்பு என்னுதுதான் பாய். டேப்பட்ட டைட்டா வெச்சுட்டேன். இப்ப கேப்ப சரியா வெச்சிருக்கேன், இனிமே அந்த சத்தம் திரும்ப வரும்க்கா."

கட்டிலில் படுத்திருந்த அக்கா சொன்னார்.

"வரட்டும்பா. அன்னிக்கு நடுரோட்டுல ஒரு சத்தமும் இல்லாம கெடந்தேன் பாரு, அப்பதான் பயந்துட்டேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.