சாக்கடையில் இல்லைங்க, டிரம்மில்

வீடு வீடா ஏறிக் கொசுப்புழு தேடுறது என் வேலை. அடுத்தவங்க தண்ணித் தொட்டியை எட்டிப் பார்க்கிறவளுக்கு என்ன மரியாதை கிடைக்கும்னு, மீட்டர் பார்க்கப் போறவங்களே, கணக்கெடுக்கப் போறவங்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன மழைக்கு வேங்கிக்கால்ல ஒரே தெருவுல ரெண்டு பிள்ளைங்க டெங்குல படுத்துச்சு. மூணாவது பிள்ளை படுக்கிறதுக்குள்ள கொசு பிறக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சாகணும்.

வாத்தியார் வீட்டுப் பாட்டில்

ரிட்டயர்டான வாத்தியார் ஒருத்தர் கேட்டையே திறக்கல. தெருக்கோடி சாக்கடைக்குக் கூட்டிட்டுப் போய், மருந்தை அங்கே அடினு அரை மணி நேரம் பாடம் எடுத்தாரு. சாக்கடையில முட்டை வைக்கிற கொசு வேறங்க. டெங்கு கொசு சம்பந்தம் பேசப் போற மாதிரி வீடு பார்க்கும். அசையாத, தெளிஞ்ச தண்ணியா, நிழலா இருந்தாத்தான் அதுக்குப் பிடிக்கும். கெஞ்சிக் கேட்டு உள்ளே போனா, அவர் வீட்டு ஹால்ல மணி பிளாண்ட் பாட்டில் இருந்துச்சு. டார்ச் அடிச்சுக் காட்டினேன், புழு நெளியுது. அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டுச் சொன்னாரு:

"அது ஆர்.ஓ. தண்ணிம்மா. அதுல எப்படிப் புழு வரும்?"

பொண்ணைப் பெத்தவ

பாட்டிலைக் கொட்டிக் கழுவ வச்சேன். ஆனா ஒரு பாட்டில் புழு ஒரு தெருவைப் படுக்க வைக்காது. அந்த ரெண்டு பிள்ளைங்கள்ல ஆஸ்பத்திரியில கிடக்கிற பொண்ணோட அம்மா கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு, தானே எல்லாத்தையும் திறந்து காட்டினா. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி வடியற தட்டு கூட காய்ஞ்சு கிடந்துச்சு. பௌர்ணமி முடிஞ்சு பத்து நாள் ஆனா கடி ஜாஸ்தியாகுதுனு சொன்னா. அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டா:

"என் வீட்ல ஒண்ணும் இல்லன்னா, யார் வீட்டுக் கொசு அக்கா என் பொண்ணைக் கடிச்சுது?"

பௌர்ணமி டிரம்

அந்தப் பௌர்ணமிப் பேச்சு என்னை விடல. தெரு சங்கத் தலைவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு நீல டிரம் கவிழ்ந்து கிடக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வர்றவங்களுக்குத் தண்ணி கொடுக்கிற டிரம். மீந்த தண்ணி செடிக்கு ஆகும்னு பத்து நாள் திறந்தபடியே வச்சிருந்துட்டு, அப்புறம் கொட்டிக் கவிழ்ப்பாங்களாம். காலி டிரம்தானேனு நானே ரெண்டு தடவை தாண்டிப் போயிருக்கேன். அந்தத் தப்பு என்னுது. அன்னிக்கு நிமிர்த்திப் பார்த்தேன். உள்பக்கம், தண்ணி நின்ன மட்டத்துல, கரித்தூள் அப்பின மாதிரி ஒரு வளையம். அத்தனையும் முட்டை. தண்ணியில்லாம மாசக்கணக்கா உயிரோட ஒட்டிக்கிட்டு இருக்கும். அடுத்த பௌர்ணமிக்குத் தண்ணி ஊத்தினதும் பொரிச்சு, பத்து நாள்ல கொசுவாப் பறக்கும். கொட்டினாப் போகாது, பிளீச்சிங் பவுடரும் நாரும் போட்டுத் தேய்க்கணும்.

தலைவர் ஒத்துக்கல. மஞ்சள் குங்குமம் வச்ச டிரம்மாம், பிளீச்சிங் பவுடர் படக் கூடாதாம். வெளியில வச்ச பொட்டுக்கும் உள்ளே தேய்க்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கிட்டு, அந்த முட்டையைக் கொஞ்சம் சுரண்டி ஒரு டம்ளர் தண்ணியில போட்டு மூடி, அவர் கையிலேயே கொடுத்தேன். மறுநாள் டம்ளர்ல புழு துள்ளுது. கழுவிக்கோங்கனு டிரம்மைக் காட்டிட்டு உள்ளே போயிட்டாரு. கைக்குழந்தையை என்கிட்ட கொடுத்துட்டு, கூட வந்திருந்த அந்தப் பொண்ணோட அம்மாதான் டிரம்மைத் தேய்ச்சுக் கழுவினா.

அந்தப் பொண்ணும் இன்னொரு பிள்ளையும் பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டாங்க. மூணாவது பிள்ளை படுக்கல. அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் தலைவர் போன் பண்ணாரு. நன்றி சொல்லத்தானோனு எடுத்தேன்.

"டிரம் காலியாயிடுச்சும்மா, எப்போ வந்து கழுவித் தரப் போற?"

கொசு கூட நாலு இடம் பார்த்து யோசிச்சுத்தான் முட்டை வைக்குது. வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி அதுல பாதி யோசனை இவங்களுக்கு இருந்தா, நம்ம பொழப்பு எவ்வளவோ தேவலாங்க.