எங்கள் எதிர்காலத்தைச் சொன்ன சீலன்

மெட்ரோவிலிருந்து இறங்கி மல்லேஸ்வரத்தில் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது இம்தியாஸ் அழைத்தான். மாலைக் கல்லூரியில் என்னோடு பி.காம் படித்தவன். சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருக்கிறான். கடை திறக்கும் நேரத்தில் அவன் யாரையும் அழைப்பதில்லை.

"வசந்தா, ரோட்ல இருக்கியா? கொஞ்சம் ஓரமா நில்லு" என்றான். நின்றேன். "நம்ம சீலன் போய்ட்டான்மா. நேத்து சாயங்காலம், ட்ரெயின்லயே."

ஜெயசீலன் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் வந்து வேலை செய்தவன். கல்லூரிக் காலத்தில் தொடங்கிய அந்தப் பயணம் கடைசி வரை நிற்கவில்லை. அன்று திரும்பும் ரயிலில் அவனுக்கு ஜன்னலோர இடம் கிடைத்திருக்கிறது. பங்காரப்பேட்டை தாண்டியும் அசையவில்லை. கூட வருபவர்கள் எல்லோரும் பழகியவர்கள்தான். பாவம், அசந்து தூங்குகிறான் என்று விட்டுவிட்டார்கள். மாரிக்குப்பத்தில் வண்டி நின்ற பிறகு தோளைத் தொட்டபோதுதான் தெரிந்திருக்கிறது. மாரடைப்பு என்றார்கள்.

நான் வழக்கம்போல அலுவலகம் போனேன். மாலை வரை உட்கார்ந்து வேலை பார்த்தேன். அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. இந்த வயதில் அது உடனே வருவதில்லை. சீலனை அறிந்தவர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். எங்கள் வகுப்பே களைத்தவர்களின் வகுப்பு.

பகலெல்லாம் வேலை, மாலையில் கல்லூரி. நான் ஆஸ்டின் டவுனிலிருந்து போய் ஒரு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். நாகராஜ் பஸ் கண்டக்டர். இம்தியாஸ் அவனுடைய மாமா கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தான். சீலன் ஒரு கூரியர் கிடங்கில் பார்சல் பிரிப்பவன். அவன் அப்பா சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்தை மூடியபோது அவருக்கு இருமல்தான் மிச்சம். வீட்டுக்கு ஒரே வருமானம் சீலன். வகுப்பில் விளக்கு எரிந்ததும் பாதிப் பேருக்குக் கண் சொக்கும். ஒரு விரிவுரையாளர் கோபத்தில், "இது காலேஜா, வெயிட்டிங் ரூமா?" என்று கத்தினார். சீலன் எழுந்து, "வெயிட்டிங் ரூம்தான் சார். டிகிரி வர்ற வண்டி லேட்டு" என்றான். அவரும் சிரித்துவிட்டார்.

இறுதியாண்டு முடியும்போது ஒரு ஞாயிறு மதியம் கல்லூரி அரங்கில் பிரிவு விழா நடந்தது. போகிறவர்கள் ஒருவர் எதிர்காலத்தை ஒருவர் வேடிக்கையாகச் சொல்ல வேண்டும். இருக்கிறவர்களுக்கு ஏதாவது விட்டுச் செல்ல வேண்டும். யாருக்கும் எழுதித் தயாராக நேரம் இல்லை. சீலனை மேடையில் ஏற்றிவிட்டோம். கிடங்கில் வீணான பொருள்களை ஒரு பெரிய பையில் நிரப்பிக்கொண்டு வந்திருந்தான்.

"நாகராஜுக்கு சீக்கிரம் கல்யாணம் ஆவும்" என்று ஆரம்பித்தான். "மேடையில பொண்ணு நிக்கும். கிஃப்ட் குடுக்க ஜனம் க்யூல வரும். நம்மாளு பழக்கதோஷத்துல, பஸ்ல முன்னால போகச் சொல்ற மாதிரி, 'முந்தே ஹோகி, முந்தே ஹோகி'ன்னு கன்னடத்துல கத்துவான். பொண்ணும் முன்னால நடந்து போயிடும்." நாகராஜ் நாற்காலியிலிருந்து விழாத குறை.

"இம்தியாஸ் சொந்தமா கடை வைப்பான். வாசல்லயே ஒரே விலைன்னு போர்டு மாட்டுவான். மொத ஆளா அவங்க அம்மா வந்து பேரம் பேசிப் பாதி விலைக்கு எடுத்துனு போவாங்க."

அடுத்து என்னைப் பார்த்தான். "வசந்தா மேல படிக்கப் போவும். அங்க ஒரே ஒரு நாள் தூங்காம முழு கிளாஸும் உக்காரும். அன்னைக்குன்னு பார்த்து லெக்சரர் லீவு." பையிலிருந்து காற்றுக்குமிழ் பிளாஸ்டிக்கைச் சுருட்டித் தைத்த ஒரு தலையணையை எடுத்து என்னிடம் நீட்டினான். "வச்சுக்க. தூக்கத்துல தலை சாஞ்சா பட்டு பட்டுனு வெடிக்கும். யாரும் வந்து எழுப்ப வேணாம்." அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன்; என் தம்பி எல்லாக் குமிழ்களையும் உடைத்துத் தீர்த்தான்.

ஜூனியர்களுக்குக் கடைசி பெஞ்சை எழுதிவைத்தான்; பக்கத்துத் தூணையும் சேர்த்து. "சாய்றதுக்கு இந்த ஊர்லயே இதான் நல்ல தூணு." விரிவுரையாளர்களுக்கு எங்கள் கொட்டாவிகளை விட்டுச் சென்றான். பையில் மிச்சமிருந்ததை மற்றவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தீர்த்தான்.

கைதட்டல் அடங்கவில்லை. விழா நடத்தியவர்கள் தேநீருக்கு எழச் சொன்னார்கள். சீலன் மட்டும் மேடையிலிருந்து இறங்கவில்லை. கதவோரம் லீலாவதி அக்கா உட்கார்ந்திருப்பதை அவன் பார்த்துவிட்டான்.

லீலாக்கா எங்களைவிட வயதில் மிக மூத்தவர். ஒரு மருத்துவமனையில் ஆயா. டிகிரி இருந்தால் அலுவலகப் பிரிவுக்கு மாற்றுவோம் என்று சொன்னதை நம்பிச் சேர்ந்தவர். ஷிஃப்ட் மாறி மாறி வந்ததில் வருகை குறைந்து, இறுதித் தேர்வு எழுத அனுமதி கிடைக்கவில்லை. அதனால் அன்றைய பெயர் வரிசையில் அவர் இல்லை. இருந்தும், இஸ்திரி போட்ட நீலப் புடவையில் வந்திருந்தார். அன்று நாங்கள் யாரும் அவரோடு பேசியிருக்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"இன்னும் ஒராளு பாக்கி" என்றான் சீலன். "லீலாக்கா அடுத்த வருஷமும் இதே காலேஜ்லதான் இருப்பாங்க. ஜூனியர் பசங்க எல்லாம் அக்கா நோட்ஸு, அக்கா நோட்ஸுன்னு பின்னாலயே சுத்துவானுங்க. பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் அவங்களைப் பார்த்து, நம்மளவிடப் பெரிய மேடம்னு நெனைச்சு எழுந்து நிப்பாரு."

அரங்கம் சிரித்தது. லீலாக்காவும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சீலன் பையைக் கவிழ்த்துக் காட்டினான். ஒன்றும் இல்லை. "பை காலி அக்கா. சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு கிளாஸ் கிடையாது இனிமே. அதை எடுத்துக்கங்க. நானும் அசந்து பேஜார் புடிச்சவன்தான், ஆனா காஸ்ட் அக்கவுண்டிங் மட்டும் எனக்குக் கொஞ்சம் வரும்."

மேடையில் சொல்வதெல்லாம் நடக்கிறதா என்ன? அதையும் வேடிக்கை என்றே நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை எங்கள் தெருவில் இருக்கும் சர்ச் வளாகத்து வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டேன். அந்த வருடம் முழுக்க அது நடந்தது. சில நாள் நான் தேநீர் கொண்டு போவேன். சில நாள் இரண்டு பேருமே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார்கள். எழுப்ப மனம் வராமல் திரும்பிவிடுவேன். ஒருமுறை கேட்டேன்: "உனக்கு எதுக்கு சீலா இந்தக் கஷ்டம்? வாரத்துல ஒரு நாளாவது சீக்கிரம் வீட்டுக்குப் போயேன்."

"அக்காவும் அசந்துதான் வருது, நானும் அசந்துதான் வர்றேன்" என்றான். "ஒராளு மட்டும் அசந்திருந்தா வெட்கமா இருக்கும். ரெண்டு பேருன்னா பரவால்ல."

லீலாக்கா முதல் முயற்சியில் ஒரு தாளில் தோற்றார். மறுபடி எழுதித் தேறினார். மருத்துவமனையில் சொன்ன சொல்லைத் தாமதமாகவேனும் காப்பாற்றினார்கள். பதிவுப் பிரிவில் நாற்காலி கிடைத்தது.

சீலனுக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. கிடங்கில் சூப்பர்வைசர் ஆனான். ஆனபிறகும் நிற்கிற வேலைதான். பெங்களூரிலேயே வீடு பார்க்கச் சொன்னோம். அப்பா தங்கவயல் குவார்ட்டர்ஸை விட்டு வரமாட்டேன் என்றார். அவர் இறந்த பிறகு, சீலனின் மகள் அங்கே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் சந்திப்புகளுக்கு வருவதாகச் சொல்வான், வரமாட்டான். கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது குரல் கம்மியிருந்தது. "பேசறதுக்கே பேஜாரா இருக்கு வசந்தா. நீ பேசு, நான் கேக்கறேன்" என்றான். நானும் வீட்டுக் கதை எதையெதையோ பேசிவிட்டு வைத்தேன்.

அடக்கத்துக்கு நானும் இம்தியாஸும் லீலாக்காவும் ஒன்றாகப் போனோம். நாகராஜுக்கு டூட்டி மாற்ற முடியவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது, சீலனின் மனைவி மெர்சி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். யார் என்று கேட்டாள். சொன்னோம். அப்போது இம்தியாஸ், பேச்சை எப்படியாவது தொடர வேண்டும் என்று, "என்னா ஜோக் அடிப்பான் அவன்!" என்றான்.

மெர்சி சொம்பைக் கீழே வைத்தாள். "யாரு, இவரா?"

"ஆமாம்மா. காலேஜையே சிரிக்க வச்சவன்."

"வீட்ல பேசவே மாட்டாருங்க" என்றாள். "வருவாரு, சாப்புடுவாரு, படுத்துக்குவாரு. காலையில இருட்டோட கெளம்பிடுவாரு. நல்ல மனுஷன்தான், கொறை சொல்லல. ஆனா அவரு ஜோக் அடிச்சு நான் ஒரு நாளும் கேட்டதில்லியே."

வாசலில் மடித்து அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லீலாக்காதான் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "வசந்தா, நீ சொல்லு" என்றார். "எனக்குச் சொல்ல வராது."

நான் சொன்னேன். நாகராஜின் கல்யாணத்தைச் சொன்னேன். ஒரே விலைக் கடையைச் சொன்னேன். தூணைச் சொன்னபோது உள்ளறையிலிருந்து அவன் மகள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்தவரை அவன் சொன்ன மாதிரியே சொன்னேன்; அவன் இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி. டிகிரி வர்ற வண்டி லேட்டு என்றதும் மெர்சி சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தவற்றையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். என்னிடம் இனி இருப்பது வேப்பமரத்தடியில் அவன் சொன்ன அந்தப் பதில்தான். ரெண்டு பேருன்னா பரவால்ல. அதை எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

சீலனோடு படித்தவர்கள், கிடங்கில் நின்றவர்கள், அந்த ரயிலில் வந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அவன் உங்களை என்றாவது சிரிக்க வைத்திருந்தால், அதை மெர்சியிடம் போய்ச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் இருப்பாள்.