எங்கள் ஏரியா சாம்பியன்கள்

இன்று காலை திருவொற்றியூரில் வழக்கமான டிபன் கடை. பொங்கல் பார்சலுக்குக் காத்திருந்தபோது சுவரில் ஒரு பழைய போட்டோவைப் பார்த்தேன். மாநில அளவில் ஜெயித்த எங்கள் ஏரியா பெண்கள் கபடி அணி.

முன்னால் நாற்காலிகளில் ஐந்து ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் பின்னால் நிற்கிறார்கள்.

"யாருண்ணே இவங்கல்லாம்?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

கரண்டியாலேயே காட்டினார். "நடுவுல கீறவரு கிளப் தலைவரு. பக்கத்துல செயலாளரு. ஓரத்துல எங்க நைனா, பொருளாளரு."

"பின்னாடி நிக்கிற பொண்ணுங்க?"

"அதான்பா, டீமு."

என் பக்கத்தில் கையில் ஹெல்மெட்டோடு ஒரு அக்கா நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சாவகாசமாகச் சொன்னார்: "பின்னாடி மூணாவதா நிக்கிறது நான்."

கரண்டி அப்படியே நின்றது. "இன்னாக்கா சொல்ற? இத்தினி வருசமா வந்துகினு கீற, ஒரு வார்த்த சொல்லல?"

"நீ கேட்டியா? தலைவரு மடில கீது பாரு கப்பு. அத்த நாங்க தொட்டதுகூட கெடையாது. போட்டோ எடுத்ததும் அவரு வூட்டுக்கு எடுத்துகினு பூட்டாரு."

கடைக்காரருக்கு நிஜமாகவே பெருமை தாங்கவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே அக்காவோடு ஒரு போட்டோ வேண்டும் என்று போனை என்னிடம் கொடுத்தார். கல்லாவிலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

போட்டு, அதில் அவரே உட்கார்ந்துகொண்டார். அக்கா சிரித்துக்கொண்டே பின்னால் போய் நின்றார். அந்த இடம் அவருக்குப் பழக்கம்தான்.

உங்கள் ஏரியா போட்டோவில் கப் யார் மடியில் இருக்கிறது? பார்த்துச் சொல்லுங்கள்.