பூவாளியும் கற்றாழைப் பாத்தியும்

1961 தை மாதத்தில் தொட்டியத்து வாழைத்தோட்டம் மருதையின் கையைவிட்டுப் போயிற்று. குத்தகைச் சீட்டுகள் எல்லாம் தகரப்பெட்டியில் பத்திரமாக இருந்தன. ஆனால் நிலத்துக்காரர் ஏமாற்றிவிட, தோட்டத்தில் வேறொருவர் வாழை வைத்தார். நாற்பது வயதுக்கு மேல் மருதை தம் மனைவி வள்ளிக்கண்ணுவோடு திருச்சிக்கு வந்து, மன்னார்புரத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். ஆடி வரைக்கும் தற்காலிகம். அதற்குள் அவர் வேலை தமக்குப் பிடித்தால்தான் நிரந்தரம் என்று மேற்பார்வையாளர் தர்மராஜ் முதல் நாளே சொல்லிவிட்டார். இதுவும் போனால் போக்கிடம் இல்லை.

அவருக்கு ஒப்படைக்கப்பட்டது வாசலோரத்துச் சோற்றுக்கற்றாழைப் பாத்தி. காவிரித் தண்ணீரில் வளர்ந்த கைகள் சும்மா இருக்கவில்லை. காலையும் மாலையும் பூவாளியைத் தூக்கினார். சித்திரையில் மடல்கள் மஞ்சளாகித் தொங்கின. வாடிய வாழைக்குச் செய்வதைப் போல உச்சிவேளையிலும் ஊற்றினார். அடித்தண்டு கூழாயிற்று. உறக்கத்திலும் அவர் கை பூவாளியைச் சாய்ப்பதுபோலப் புரண்டுகொண்டே இருந்தது.

வள்ளிக்கண்ணு வையம்பட்டி மானாவாரிக்காட்டுப் பெண். ஒரு நாள் சோறு கொண்டுவந்தவள் பாத்தியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, கத்தாழைக்குமா காவேரியத் திருப்பிவிட்டீங்க? எங்க ஊர்ல இதை வேரோட புடுங்கி வாசல் நிலையில கட்டித் தொங்கவிடுவோம். அப்பவும் தழைக்கும்."

அவள் சொன்னபடியே செடிகளைப் பிடுங்கி, அழுகிய வேரை அறுத்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டு, சரளைமண்ணில் நட்டார். இனி வாரக்கணக்கில் தண்ணீர் காட்டக்கூடாது என்றாள். அங்கேதான் சிக்கல். தர்மராஜ் ஈரமண்ணைப் பார்த்துத்தான் வேலை நடந்ததா என்று முடிவு செய்வார். காய்ந்த பாத்தி என்றால் சோம்பேறித் தோட்டக்காரன் என்றே பொருள்.

ஆகவே மருதை பாத்தியை விட்டுவிட்டு, அதையொட்டிய நடைபாதையை நனைத்தார். ஓரத்து ஈரத்தைப் பார்த்துத் தர்மராஜும் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் அவர் காலடி கேட்கும்போதெல்லாம் மருதை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருமுறை வஞ்சிக்கப்பட்டவர் தாமே வஞ்சிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆடி முதல் வாரத்தில் தர்மராஜ் குனிந்து பாத்திக்குள் விரலை விட்டார். புழுதி.

"என்னய்யா இது? பாதைக்கா தண்ணி ஊத்துறே?"

"ஆமாங்க. இதுக்கு ஊத்தினா செத்துப்போகுது. ஊத்தலேன்னா எனக்கு வேலை போயிரும். அதான் பாதைக்கு ஊத்தினேன்."

தர்மராஜ் ஒரு மடலை அழுத்திப் பார்த்தார். விறைப்பாக இருந்தது, அடியில் இரண்டு குட்டிச்செடிகள் எட்டிப்பார்த்தன.

"முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? நாளையிலேருந்து பின்பக்க ரோஜாவையும் நீயே பாரு. அங்க ஊத்து, உன் ஆசை தீர."

வேலை நிரந்தரமானது. ஆனாலும் ரோஜாவுக்குப் போகும்போது மருதை வாசல் வழியாகப் போனதேயில்லை. நிறைந்த பூவாளியோடு கற்றாழையைக் கடக்கத் தம் கையை நம்பாமல், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.