ஒரே நாளில் போட்ட ஷீட்டு

எங்கள் வீட்டுக் கூரைக்கு வாட்டம் குறைவு. பின்சுவருக்கும் முன்சுவருக்கும் ஒரு முழம்கூட வித்தியாசம் இருக்காது. மேலே கிடந்த சிமெண்ட் ஷீட்டில் விரிசல் விட்டு, மழை வந்தால் முதல் சொட்டு அம்மாவின் கட்டிலில்தான் விழும். ஒற்றை அறை வீடு; கட்டிலை எங்கே தள்ளினாலும் இன்னொரு விரிசல் காத்திருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா திருச்செங்கோட்டு ரிக் லாரியில் போய், வடக்கே எங்கெங்கோ போர்க் கிணறு போட்டுவிட்டு மாதக்கணக்கில் கழித்து வருகிறவர். அந்த ஆவணியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். முந்தின வாரம்தான் அம்மாவைச் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இனிமேல் இங்கே வர வேண்டியதில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். அம்மாவுக்குக் குணமாகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

மறுநாளே அப்பா தகர ஷீட்டு போடுகிறவரைக் கூட்டி வந்தார். சங்ககிரிக்காரர், காதில் பென்சில். கூரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தார்.

“வாட்டம் பத்தாதுங்க. பின்னால செவுத்துல மூணு வரி கல்லு ஏத்திக்குங்க. இல்லீன்னா மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே நீட்டுல ஷீட்டு ஆர்டர் போடோணும். வர்றதுக்குப் பதினஞ்சு நாளாவுமுங்க.”

“இப்ப கடையில இருக்கற ஷீட்டு?”

“ரெண்டு துண்டா வருமுங்க. நடுவால ஜாயிண்ட்டு உழுகும். தண்ணி ஓடாம நின்னுதுன்னா ஜாயிண்ட்டுல ஏறி உள்ளார வந்துரும். சின்ன மழைக்குத் தாங்குமுங்க. பெருமழைக்கு நான் பொறுப்பில்ல.”

அப்பா அதற்குமேல் ஒன்றே ஒன்று கேட்டார். “அது ஒரே நாள்ல முடிஞ்சுருமுங்களா?”

நடக்காததற்கெல்லாம் முன்கூட்டியே பயந்து வைப்பது அன்றைக்கே என் வழக்கம். ஷீட்டுக்காரர் கொண்டுவந்த சாம்பிள் துண்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, லேசாகச் சாய்த்து, சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். இடுக்கில் தண்ணீர் ஏறியது. “பாருங்கப்பா, பாருங்க!”

ஷீட்டுக்காரர் சிரித்தார். “ஏனுங்க, உங்கூட்டு மேஸ்திரி சொல்றதக் கேளுங்க.”

கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஊருக் கவலையெல்லாம் எம்புள்ள தலையிலதான் ஒழுகுது.”

அப்பா சிரிக்கவில்லை. “நீ போயி அம்மாளுக்குக் கஞ்சி ஊத்து சாமி” என்றார். லாரிக்குத் திரும்பிப் போகிற அவசரம் இவருக்கு, நனையப்போவது நாங்கள்தானே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

நிறத்தை மட்டும் அம்மா சொன்னாள். நீலம். ஒரு பகல் முழுக்கப் பக்கத்து வீட்டு அத்தையின் ஆசாரத்தில், வாசலை ஒட்டிய கூடத்தில், அவளைப் படுக்க வைத்திருந்து, சாயங்காலம் நீலக் கூரைக்கடியில் கொண்டுவந்து விட்டார்கள். சுவரை எடுத்துக் கட்டியிருந்தால் எத்தனை நாள் அவள் அந்த ஆசாரத்தில் கிடந்திருக்க வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. அப்பா அதற்குப் பிறகு லாரிக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு சின்ன மழை பெய்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் ஜாயிண்ட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா காய்ந்த போர்வையைத் தடவிக்காட்டி, “எங்கடி உன்ர தண்ணி?” என்று கேட்டாள். பேசினாலே மூச்சு வாங்கிய நாட்கள் அவை. அதிலும் என்னைக் கேலி செய்வதை அவள் விடவில்லை.

புரட்டாசி முடியுமுன் அம்மா போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய மத்தியானம் பெருமழை பிடித்தது. ஷீட்டுக்காரர் சொன்னபடியே, நான் சொன்னபடியே, ஜாயிண்ட்டில் தண்ணீர் திரண்டு, கட்டில் கிடந்த இடத்தில், இப்போது வெறும் தரையில், சொட்டத் தொடங்கியது.

“நான் அப்பவே சொன்னனில்லப்பா!” என்று கத்தினேன். என் குரலில் சந்தோஷம்கூட இருந்தது.

அப்பா அம்மாவின் கஞ்சிக் குண்டாவை எடுத்துவந்து சொட்டுக்கு நேராக வைத்தார். “ஆமா சாமி, நீ சொன்னதுதான் சரி” என்றவர், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வருடம் நான் படிப்பை நிறுத்திவிட்டுத் தறிக்குப் போனேன். இன்றும் யார் வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் கூரைக்குத்தான் போகிறது. ஆனால் அந்த மத்தியானம், அப்பா அந்தக் கூரையைப் பெருமழைக்கென்று போடவே இல்லை என்பது தெரியாமல், பரீட்சையில் முதலாவதாக வந்தவளைப்போல அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.